எறிந்தவர் கைக்கே

பிறந்தபோது அது தட்டே அல்ல, ஒரு டப்பாவின் மூடி. 1937-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் நன்றியறிதல் பண்டிகை நாள். பதினேழு வயது ஃபிரெட் மாரிசனும், பின்னாளில் அவர் மணந்துகொண்ட லூவும் பாப்கார்ன் டப்பாவின் மூடியை மாற்றி மாற்றி வீசிக்கொண்டிருந்தார்கள். தகர மூடி சீக்கிரமே நசுங்கிப்போக, கேக் சுடும் தட்டைக் கையில் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு சான்டா மோனிகா கடற்கரையில் அதை வேடிக்கை பார்த்த ஒருவர், 25 சென்ட் தருகிறேன், கொடுத்துவிடு என்றார். கடையில் அந்தத் தட்டின் விலை 5 சென்ட். மாரிசனுக்கு அன்றே தொழில் பிடிபட்டுவிட்டது.

நடுவில் உலகப் போர் வந்தது. மாரிசன் போர் விமானம் ஓட்டினார், எதிரிகளிடம் சிறைபட்டார், உயிரோடு திரும்பினார். 1948-இல் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து தட்டைப் பிளாஸ்டிக்கில் வார்த்தார். வானத்தில் பறக்கும் தட்டைக் கண்டோம் என்று அமெரிக்கா முழுக்கப் பேச்சாக இருந்த நேரம் அது. 1955-இல் அவர் செய்த மேம்பட்ட வடிவத்துக்கு ‘புளூட்டோ பிளாட்டர்’ என்று பெயர். 1957 ஜனவரி 23 அன்று அதன் உரிமையை வாம்-ஓ என்ற பொம்மைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார்.

இன்று நாம் சொல்லும் பெயர் வேறு வீட்டுப் பெயர். கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஃபிரிஸ்பி குடும்பம் 1871-இல் பேக்கரி தொடங்கியது. பழம் அடைத்துச் சுடும் ‘பை’ அங்கே பிரபலம். தின்று முடித்த தகரத் தட்டுகளைக் கல்லூரி மாணவர்கள் புல்வெளியில் எறிந்து விளையாடினார்கள். யார் மண்டையையும் பதம் பார்த்துவிடக் கூடாதே என்று எறியும்போதே ‘ஃபிரிஸ்பி!’ என்று கத்துவார்களாம். அந்தக் கத்தலை வாம்-ஓ எடுத்துக்கொண்டது. எழுத்தில் ஒன்றை மாற்றி 1957-லேயே தட்டுக்குச் சூட்டியது. மாரிசனுக்கு அந்தப் பெயர் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பெயரைக் கொடுத்த பேக்கரி மறு வருஷமே மூடப்பட்டது.

பொம்மையாகவே இருந்த தட்டை விளையாட்டுக் கருவியாக மாற்றியவர், அதே கம்பெனியில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக். தட்டின் மேற்புறம் வட்ட வட்டமாக மெல்லிய வரம்புகள் ஓடும். அவை 1964-இல் அவர் போட்டவை. காற்றில் தட்டு ஆட்டம் காணாமல் நேராகப் போனது அதற்குப் பிறகுதான். 2002-இல் அவர் இறந்ததும், அவர் கேட்டுக்கொண்டபடியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாக வார்த்தார்கள்.

இனித்தான் கதை நியாயத்தின் பக்கம் திரும்புகிறது. 1968 கோடையில் ஒரு மாணவர் முகாம். ஜாரட் காஸ் என்ற கல்லூரி மாணவர் அங்கே பையன்களுக்குத் தட்டை வைத்து ஓர் அணி ஆட்டம் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொண்டவர்களில் ஒருவன் ஜோயல் சில்வர். ‘டை ஹார்ட்’, ‘தி மேட்ரிக்ஸ்’ படங்களைப் பின்னாளில் தயாரித்த அதே சில்வர். நியூ ஜெர்சி மாநிலம் மேப்பிள்வுட்டில் தான் படித்த கொலம்பியா உயர்நிலைப் பள்ளிக்கு ஆட்டத்தைக் கொண்டுவந்தான். பாதி கிண்டல், பாதி ஆசை. பள்ளிப் பத்திரிகைக்காரர்களும் மாணவர் மன்றத்தாரும் மோதினார்கள். பள்ளியின் துப்புரவுப் பணியாளரைத் ‘தலைமைப் பயிற்சியாளர்’ என்று போட்டு அணிப் படமும் எடுத்துக்கொண்டார்கள். மைதானம், கார் நிறுத்தும் தார்த்தரை. இரவில் வெளிச்சம், அங்கே நின்ற விளக்குக் கம்பங்களிலிருந்து. நடுவர் கிடையாது. பஸ்ஸி ஹெல்ரிங், ஜான் ஹைன்ஸ் என்ற நண்பர்களோடு சேர்ந்து சில்வர் விதிகளை எழுதினான்.

1972 நவம்பர் 6-இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்கள் மோதின. ‘அல்டிமேட்’ என்று பெயர் பெற்ற இந்த ஆட்டம் கல்லூரிகளுக்கிடையே நடந்தது அதுவே முதல் முறை. 103 ஆண்டுகளுக்கு முன் இதே தேதியில், இதே இடத்தில்தான் இவ்விரு கல்லூரிகளும் அமெரிக்காவின் முதல் கல்லூரிக் கால்பந்துப் போட்டியை ஆடியிருந்தன. அந்த இடமும் அதற்குள் கார் நிறுத்துமிடமாகிவிட்டிருந்தது. ரட்கர்ஸ் அன்றும் இரண்டு புள்ளியில் வென்றது, இன்றும் இரண்டு புள்ளியில் வென்றது: 29-27.

ஆட்டம் எளிது. அணிக்கு ஏழு பேர். தட்டு கையில் இருக்கும்போது ஓடக் கூடாது. எறிந்துதான் நகர்த்த வேண்டும். எதிராளியின் கடைசிக் கட்டத்துக்குள் நம் ஆள் பிடித்தால் ஒரு புள்ளி. கீழே விழுந்தால் தட்டு எதிரணிக்கு. எறிபவருக்குப் பத்து எண்ணும் வரைதான் நேரம். அந்தப் பத்தை எண்ணுவது யார் என்பதில்தான் சங்கதி இருக்கிறது: எறிபவரை மறித்து நிற்கும் எதிரணிக்காரரே வாய்விட்டு எண்ணுகிறார். கடிகாரத்தையே எதிராளியின் நாக்கில் வைத்த விளையாட்டு இது.

தகராறு வந்தால்? தட்டு வருகிறது. பிடிக்கப் பாய்கிறாள் ஒருத்தி, தடுக்கப் பாய்கிறாள் இன்னொருத்தி. கை கையில் படுகிறது, தட்டு தரையில் விழுகிறது. ‘ஃபவுல்’ என்கிறாள் அடிபட்டவள். அதைச் சொல்லும் உரிமை அவளுக்கு மட்டும்தான். மொத்த ஆட்டமும் நிற்கிறது. ‘ஆமாம், பட்டது’ என்று மற்றவள் ஒப்புக்கொண்டால் தட்டு அடிபட்டவளுக்கு. ‘இல்லை, தட்டைத் தொட்ட பிறகுதான் உன் கை பட்டது’ என்றால், யார் சொல்வது உண்மை என்று யாரும் துருவுவதில்லை. தட்டு எறிந்தவர் கைக்கே திரும்பிப் போகிறது. எறிந்த கணத்தில் அவரவர் எங்கே நின்றார்களோ அங்கே போய் நிற்க வேண்டும். சண்டைக்கு முந்தைய நொடியிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள்.

எங்கள் தெருக் கிரிக்கெட்டில் பேட் யாருடையதோ அவன் சொன்னதுதான் தீர்ப்பு. அவுட் என்றால் பேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். ‘அழுகுணி ஆட்டம்’ என்று கத்தினாலும் மறுநாள் அவன் வீட்டு வாசலில்தான் நிற்போம். சில நாள் யாராவது ஒருத்தன் சொல்வான்: ‘சரிடா, இந்தப் பந்து கணக்கில்லை, திரும்பப் போடு.’ எங்களுக்கு அது சண்டை முற்றினால் வரும் சமரசம். அல்டிமேட்டில் அது எழுதிவைத்த சட்டம்.

வழக்கமாக இருந்ததை 1978-இல் ‘ஸ்பிரிட் ஆஃப் தி கேம்’ என்ற பெயரில் விதிப் புத்தகத்திலேயே சேர்த்தார்கள். வெறி கொண்டு ஆடலாம். எதிராளியின் மரியாதையும் ஆடும் மகிழ்ச்சியும் கெடக் கூடாது என்பது சாரம். உலகப் போட்டிகளில் ஆட்டம் முடிந்ததும் ஒவ்வோர் அணியும் எதிரணிக்கு மதிப்பெண் போடுகிறது. விதிகளை அறிந்து ஆடியது, உடல் மோதலைத் தவிர்த்தது, நியாய புத்தி, மனநிலை, பேசிய விதம் என ஐந்து தலைப்பு. தலைப்புக்கு நான்கு, மொத்தம் இருபது. சாதாரண நல்ல ஆட்டத்துக்குப் பத்து. நேர்மையாக ஆடினாய் என்பதற்காக முழு மதிப்பெண் கிடையாது; அது இருக்க வேண்டியதுதானே.

ஏமாற்ற முடியாதா? தாராளமாக முடியும். பொய்யாக மறுத்தால் தட்டு திரும்பிவிடும், எதிரணியின் வாய்ப்பு போய்விடும். அமெரிக்காவில் இந்தக் கவலை வலுத்து, பேசித் தீராத வழக்குகளை முடிக்க ‘அப்சர்வர்’களை நிறுத்தினார்கள். 2012-இல் தொடங்கிய தொழில்முறை லீக் நடுவர்களையே கொண்டுவந்தது. ஆனால் அந்த லீக்காரர்களாலும் பழைய வாடையைக் கழுவ முடியவில்லை. நடுவர் தனக்குச் சாதகமாகச் சொன்ன தீர்ப்பு தவறு என்று தெரிந்தால், ஆட்டக்காரரே அதை எதிரணிக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு விதி வைத்தார்கள்.

தட்டு இதற்குள் ஊர் ஊராகப் போய்விட்டது. 2001-இல் ஜப்பானின் அகிடாவில் நடந்த உலக விளையாட்டுகளில் இடம் கிடைத்தது. 2015-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு, பறக்கும் தட்டுக் கூட்டமைப்புக்கு முழு அங்கீகாரம் தந்தது. ‘ஃபிரிஸ்பி’ ஒரு கம்பெனியின் வணிகப் பெயர் என்பதால் ஆட்டத்தின் முறையான பெயர் வெறும் ‘அல்டிமேட்’. ஆடுகிறவர்களுக்கு அது ‘டிஸ்க்’. எடை 175 கிராம். சென்னையின் ஃபிளைவைல்டு அணியைப் பற்றிய குறும்படம் 2015-இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது. அதன் தலைப்பே ‘175 கிராம்ஸ்’.

ஆட்டம் முடிந்தபின் இரு அணியும் தோளில் கைபோட்டு, ஒருவர் விட்டு ஒருவராகக் கலந்து வட்டமாக நிற்பார்கள். சற்று முன் ‘பட்டது’ என்றவளும் ‘படவில்லை’ என்றவளும் அதே வட்டத்தில்தான் நிற்க வேண்டும். மறுத்தது பொய்யானால், அது தெரிந்த இருவரில் ஒருத்தியின் கை அப்போது மற்றவள் தோள்மேல் இருக்கக்கூடும்.