பிரெட்ரிக் கோட்டையில் பணி முடிந்த பின்னர்

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு கோட்டை வாசலைக் கடந்துதான் போகவேண்டும். உள்ளே இராணுவ முகாம், மர நிழலில் மான்கள், பழைய கட்டடங்கள். அவற்றைத் தாண்டினால் சுவாமிமலை ஏற்றம். இந்தக் கோட்டையைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் முற்றுகைகளையும் பீரங்கிகளையும் பற்றியே எழுதியிருக்கிறார்கள். போர்த்துக்கேயர் 1620களில் கோயிலை இடித்து அந்தக் கற்களாலேயே கோட்டை கட்டினர். 1639இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1782இல் ஒரே ஆண்டுக்குள் முதலில் பிரித்தானியரிடமும் பின்னர் பிரெஞ்சுக்காரரிடமும் மாறியது. 1795இல் பிரித்தானியர் மீண்டும் பிடித்தனர். யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயர் 1803இல் சூட்டப்பட்டது.

அதற்குப் பின்னர்தான் விசயம் இருக்கிறது. 1795இலிருந்து 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசும்வரை, இந்தத் துறைமுகத்தை எந்த எதிரியும் தாக்கவில்லை. 147 ஆண்டுகள்! வராத எதிரியைப் பார்த்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் படையினர் இங்கே உட்கார்ந்திருந்தார்கள். கண்டிப் போர்களுக்கும் 1817-18 கிளர்ச்சியை அடக்கவும் உள்நாட்டுக்கு அனுப்பப்பட்ட காலங்களை விட்டால், இந்தக் கோட்டையின் வரலாறு பெருமளவுக்கு வேலையில்லாத நேரத்தின் வரலாறுதான்.

வெப்ப நாடுகளில் நிறுத்தப்பட்ட பிரித்தானியப் படையினரின் நாள் விடியுமுன்னரே தொடங்கும். வெயில் ஏறுவதற்குள் அணிவகுப்பு முடிந்துவிடும். அதன்பின் மாலைவரை, காவல் முறை இல்லாதவன் பரக்குக்குள்ளேயே கிடக்கவேண்டும். வெயிலில் திரிந்தால் நோய் வரும் என்பது அன்றைய நம்பிக்கை. ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் சம்பளம். அதிலும் சாப்பாட்டுக்கும் உடுப்புக்குமாகப் பிடித்தம் போகும். 1847இல் சட்டம் மாறும்வரை, படையில் சேர்வது பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுவதற்குமான ஒப்பந்தம். கூலிக்கு வழியில்லாமல் சேர்ந்த இங்கிலாந்து, அயர்லாந்துக் கிராமத்துப் பையன் ஒருவன், வீடு திரும்புவோமா என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த நேரத்தை நிரப்பியது சாராயம். அதைக் கள்ளமாகத் தேடவேண்டியதில்லை, படையே நாளாந்தப் பங்கீடாகத் தென்னஞ்சாராயம் கொடுத்தது. போதாதவனுக்குக் கன்ரீனும் ஊரிலுள்ள தவறணைகளும் இருந்தன. சாராயக் குத்தகை அரசாங்கத்தின் பெரிய வருமானங்களில் ஒன்று. சம்பளமாகக் கொடுத்த காசில் ஒரு பங்கு அப்படியே திறைசேரிக்குத் திரும்பி வந்தது. குடித்துவிட்டு ஒழுங்கு மீறினால் சவுக்கடி. 1812இல் றெஜிமென்ட் நீதிமன்றம் விதிக்கக்கூடிய அடிகளுக்கு வைத்த உச்சவரம்பே 300. ஊற்றிக் கொடுத்தவனும் அடித்தவனும் ஒருவனே.

இலங்கையில் பணியாற்றிய இராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல் இதைக் கண்ணால் கண்டவர். எல்லோருக்கும் கண்மூடித்தனமாகச் சாராயம் கொடுப்பதை அவர் பின்னாளில் எதிர்த்து எழுதினார். 1817 முதல் 1836 வரை இலங்கையிலிருந்த பிரித்தானியப் படையினரில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு எழுபது பேரளவில் இறந்தார்கள். இங்கிலாந்திலேயே பணியாற்றியவர்களில் அது பதினைந்து அளவுதான். மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்பது 1897வரை நிறுவப்படவில்லை. ஆகவே காய்ச்சலில் செத்தவனுக்கும் குடியே காரணம் என்று சொல்வது இலகுவாக இருந்தது.

அடுத்தது பெண்கள். சாதாரண படையினன் திருமணம் செய்ய அதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற மனைவியரிலும் நூறு ஆண்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு பேர் வரைதான் கப்பலேறலாம். யார் போவது என்று துறைமுகத்தில் சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். மற்றவர்கள் இங்கு வந்தபின் உள்ளூர்ப் பெண்களோடு வாழ்ந்தார்கள். படையின் கணக்கில் அந்தப் பெண்களுக்கு இடமில்லை. பங்கீடும் இல்லை, கப்பலில் இடமும் இல்லை. இலங்கையில் பல ஆண்டுகள் இருந்த பீரங்கிப் படையினர் அலெக்சாண்டர் அலெக்சாண்டர், 1830இல் வெளிவந்த தன் வாழ்க்கை வரலாற்றில் இத்தகைய குடும்ப வாழ்வை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவர் ஊருக்குத் திரும்பிப் போனார். அவரோடு வாழ்ந்தவள் இங்கேயே இருந்தாள். அவள் தரப்புக் கதையை எழுத யாரும் இருக்கவில்லை.

அரசு இந்தப் பெண்களை நினைத்தது வேறொரு காரணத்துக்காக. படையினரிடையே பாலியல் நோய் பெருகியபோது 1867இல் இலங்கையில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. பாலியல் தொழில் செய்யும் பெண்கள் பதிவுசெய்து கட்டாய மருத்துவப் பரிசோதனைக்கு உட்படவேண்டும். ஆண்களுக்கு அப்படியொரு கட்டாயம் அந்தச் சட்டத்தில் இல்லை.

எல்லாப் படையினரும் இப்படி வாழ்ந்தார்கள் என்றும் சொல்லமுடியாது. இலங்கை றைபிள் படையின் மலாயர்கள் மனைவி மக்களோடு முகாம்களில் குடியிருந்தார்கள். மகன் வளர்ந்து தகப்பனின் படையிலேயே சேர்ந்தான். ஓய்வு நேரத்தில் அவர்கள் அரபு எழுத்தில் மலாய்க் காவியங்களையும் சமய நூல்களையும் பிரதியெடுத்தார்கள். அந்தக் கையெழுத்துப் பிரதிகளில் சில இன்றும் இலங்கை மலாயர் வீடுகளில் இருக்கின்றன. 1869இல் கொழும்பில் பாபா யூனுஸ் சல்டின் ‘அலாமத் லங்காபுரி’ என்ற மலாய்ப் பத்திரிகையைத் தொடங்கியபோது, அதை வாசிக்க ஒரு கூட்டம் ஏற்கெனவே இருந்தது. நான்கு ஆண்டுகளின் பின் அந்தப் படை கலைக்கப்பட்டது.

வெள்ளையரிலும் குடியை விட்டு வேறு வழி தேடியவர்கள் உண்டு. 1815 அளவில் வந்த 19ஆம் றெஜிமென்ட்டின் ஜோர்ஜ் கலடைன், படையினர் தாங்களே நாடகம் போட்டதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். மேலிடம் விழித்துக்கொண்டது பிந்தித்தான். பரக்குகளில் நூலகங்களுக்கு 1830களின் கடைசியிலும், கிறிக்கெற் மைதானங்களுக்கு 1841இலும் உத்தரவுகள் பிறந்தன.

இதே வளவுக்குள் வேறொரு கூட்டமும் வந்து போனது. கோயில் இல்லாத அந்தப் பாறைக்குச் சைவர்கள் வழிபட வந்தார்கள். குருக்கள் விளிம்பில் நின்று கடலை நோக்கிப் பூசை செய்வதை எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலில் விவரித்திருக்கிறார். படையினருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கலாம். இடித்த இடத்துக்கே அனுமதியோடு வந்து கும்பிடவேண்டியிருந்தவர்களுக்கு அப்படி இருந்திருக்காது. இன்றுள்ள கோயிலின் குடமுழுக்கு 1963இல்தான் நடந்தது.

பிரித்தானியர் 1957இல் திருகோணமலைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். நகரத்துப் பழைய ஐரோப்பியச் சுடலையில் எழுத்தாளர் ஜேன் ஒஸ்ரினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரினின் கல்லறை இருக்கிறது. அவர் 1852இல் பர்மாவில் இறந்தவர். இலங்கையிலுள்ள இத்தகைய கல்லறை வாசகங்களைப் பென்றி லூயிஸ் என்ற சிவில் அதிகாரி 1913இல் நூலாகத் தொகுத்தார். அதிலுள்ள பெயர்களில் பெரும்பாலானவை அதிகாரிகளுடையவையும் அவர்களின் மனைவி பிள்ளைகளுடையவையும். ஒரு ஷில்லிங் காரனுக்குக் கல் நட யாரும் காசு வைத்திருக்கவில்லை.