கரிசல் சாலையிலிருந்து கோர்வெட் வரை: ஓர் ஆறு சிலிண்டர் எஞ்சினின் வரலாறு

அருப்புக்கோட்டைப் பக்கம் எம்.ரெட்டியபட்டியைச் சுற்றியுள்ள கரிசல், மழை பெய்தால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்; கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அருப்புக்கோட்டைக்கு ரயில் வந்ததே 1960-களில்தான். அதுவரை பருத்திப் பொதியும் மல்லி மூட்டையும் மாட்டுவண்டியிலோ மோட்டாரிலோதான் வெளியூர் போயின. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரான செவர்லே கோர்வெட்டின் மதிப்பை இந்த மண்ணிலிருந்து அளக்கலாம் என்பது என் கருத்து. முதல் கோர்வெட்டில் இருந்த எஞ்சினின் முன்னோடிகள் இத்தகைய மண்சாலைகளில் உழைத்தவை.

பிரிட்டிஷ் ஆட்சியிலும் இங்கே அமெரிக்க வண்டிகள் செல்வாக்குப் பெற்றதற்கு ஒரு வரியும் காரணம். பிரிட்டனில் 1921 முதல் காருக்குக் குதிரைத்திறன் ஒன்றுக்கு ஒரு பவுண்டு வரி விதித்தார்கள். அந்தத் திறனை சிலிண்டரின் விட்டத்தை வைத்தே கணக்கிட்டார்கள். வரிக்கு அஞ்சிய பிரிட்டிஷ் கம்பெனிகள் குறுகிய சிலிண்டர்களோடு சிறிய எஞ்சின்களைச் செய்தன. நல்ல சாலையில் அவை போதும். சேற்றில் அடிக்கடி கியர் மாற்றித் திணற வேண்டும். அமெரிக்காவில் பெட்ரோல் மலிவு, கிராமத்துச் சாலைகளோ மண்சாலைகள். அதனால் அங்கே மெதுவாகச் சுழலும்போதே இழுத்துக்கொண்டு போகும் பெரிய எஞ்சின்களும், தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் சட்டகமும் உருவாயின. கரிசலுக்கு வேண்டியதும் அதுவே.

ஃபோர்டின் கனடா நிறுவனம் 1926-இல் இந்தியக் கிளையைத் தொடங்கி, சென்னை, பம்பாய், கல்கத்தாவில் பாகங்களைக் கொண்டுவந்து கார்களாகப் பூட்டியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாய் சிவ்ரியில் அதே வேலையைத் தொடங்கியது. 1912-இல் மதுரையில் பஸ் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்கார், பிறகு ஜெனரல் மோட்டார்ஸின் விற்பனையாளரும் ஆனார். தெற்குச் சீமைக்கு வண்டியும் உதிரிபாகமும் பட்டறையும் மதுரையிலேயே கிடைத்தன. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரிவாயுக் கலனைப் பொருத்தி அதே எஞ்சின்களைத்தான் ஓட்டினார்கள். தரம் குறைந்த எரிபொருளையும் பொறுத்துக்கொண்ட அந்தத் தாங்குதிறனையே நான் இவற்றின் முதல் மதிப்பாகக் கொள்கிறேன்.

ஜெனரல் மோட்டார்ஸின் வகையான செவர்லேயின் ஆறு சிலிண்டர் எஞ்சின் 1929 மாடலில் வந்தது: 3.2 லிட்டர், 46 குதிரைத்திறன். நான்கு சிலிண்டர் காரின் விலைக்கே அதை விற்றார்கள். 1937-இல் அது புதுவடிவம் பெற்றது. அந்த வழியில் வந்த 3.9 லிட்டர் எஞ்சினுக்கு மூன்று கார்புரேட்டர் பூட்டி, 150 குதிரைத்திறனாக்கி, கண்ணாடியிழை உடலுக்குள் வைத்ததே 1953-இன் கோர்வெட். அந்த ஆண்டு செய்த 300 கார்களும் வெள்ளை. ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களை ஓட்டிப் பழகியவர்களுக்கு அதன் இரண்டு வேக ஆட்டோமேட்டிக் கியர் பிடிக்கவில்லை. 1954-இல் செய்த 3,640 கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விற்காமல் தேங்கியது. 1955-இல் 700 மட்டுமே செய்தார்கள்.

அந்த ஆண்டு வந்த 4.3 லிட்டர் வி-8 எஞ்சினும், பொறியாளர் சோரா ஆர்க்கஸ்-டன்டோவின் பிடிவாதமும் காரைக் காப்பாற்றின. 1957-இல் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைப் பீய்ச்சிச் செலுத்தும் முறையால் 283 குதிரைத்திறன் கிடைத்தது. இங்கே கவனிக்க வேண்டியது வேகம் மட்டும் அல்ல. அந்த வி-8 சாதாரண செவர்லே குடும்பக் காருக்காக, மலிவாக வார்க்கப்பட்டது. ஊர் மெக்கானிக் பிரித்துப் பூட்டக்கூடியது. ஃபெராரியின் மதிப்பு அதன் அருமையில் இருக்கிறது. கோர்வெட்டின் மதிப்போ பொதுமக்களின் எஞ்சினை உச்சத்துக்குக் கொண்டுபோனதில் இருக்கிறது. இரண்டாவதே பெரிய சாதனை என்று தயங்காமல் சொல்வேன்.

கோர்வெட் பிறந்த அதே 1953-இல், பாகங்களை இங்கேயே தயாரிக்கத் திட்டமில்லாமல் வெறுமே பூட்டி விற்கும் கம்பெனிகளுக்கு இந்திய அரசு கதவடைத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், தூதரகங்கள் கழித்த கார்கள் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழியாக விலைக்கு வந்தன. கிராமத்தார் பிளசர் என்று அழைத்த வாகனத்தில் அமெரிக்க வகை அரிதாகி, அதன் விலையை உழைப்பை விடத் தட்டுப்பாடே தீர்மானித்தது. ஒரு தலைமுறையின் கண்ணில் அது சினிமாக்காரர் சொத்தாகிப் போனது இப்படித்தான்.

தடை விலகிய பிறகும் அந்த நிலை முழுதாக மாறவில்லை. 1964-இல் அமெரிக்காவில் 2,368 டாலருக்கு அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங், 2016-இல்தான் இந்திய ஷோரூமுக்கு வந்தது. விலை 65 லட்சம் ரூபாய். இந்தியாவுக்குத் திரும்பி வந்திருந்த ஃபோர்டுக்கு மறைமலை நகரில் தொழிற்சாலை இருந்தும் மஸ்டாங் முழுக் காராகவே கப்பலில் வந்தது. 3,000 சி.சி.யைத் தாண்டிய பெட்ரோல் காருக்கு அப்போது சுங்கவரி 100 விழுக்காடு. 2022-இல் அந்தத் தொழிற்சாலையில் உற்பத்தி நின்றது.

2019-இல் அறிமுகமான எட்டாம் தலைமுறைக் கோர்வெட்டில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் போனது. வலப்பக்க ஸ்டியரிங்கோடு தொழிற்சாலையிலேயே செய்யப்பட்ட முதல் கோர்வெட்டும் அதுதான். ஆனால் இந்தியாவுக்குத் திரும்பி வந்திருந்த செவர்லே 2017 இறுதியோடு இந்திய விற்பனையை நிறுத்திவிட்டது. 1930-களில் செவர்லே வைத்திருந்த கரிசல்காரருக்கு மதுரையிலேயே பாகம் கிடைத்தது. இன்று கோர்வெட்டை வரவழைக்கும் தமிழர், ஒரு பிரேக் கட்டைக்கும் கடல் கடந்து ஆர்டர் போட வேண்டும்.