சீமாட்டி லீலாவதி

கிளிநொச்சியில் எமக்குப் பாடம் சொன்ன ஆசிரியை ஒருவர், மருதனார்மடம் இராமநாதன் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவர். அக்காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'சீமாட்டி' என்று ஒருவரைக் குறிப்பிடுவார். யாரோ ஆங்கிலேய அதிகாரியின் மனைவி என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் இரண்டாவது மனைவி லீலாவதி என்பதைப் பின்னரே அறிந்தேன்.

ஆர். எல். ஹரிசன் என்பது அவருடைய இயற்பெயர். அவுஸ்திரேலியப் பெண்மணி. மணவாழ்வுக்கு முன்பே அவர் இராமநாதனின் மாணவி. மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்கு இராமநாதன் சைவ ஞான நோக்கில் கூறிய விளக்கங்கள், 1898இலும் 1902இலும் இவரது கைவண்ணத்தில் ஆங்கில நூல்களாயின. 1905-06இல் இராமநாதன் அமெரிக்காவில் ஆற்றிய சொற்பொழிவுப் பயணத்திலும் உடன் சென்றார். அப்பயணத்தைப் பதிவுசெய்தவரும் அவரே. அதன் பின்னரே அவர் மனைவியானார்; லீலாவதி என்னும் பெயரையும் சைவ வாழ்வையும் ஏற்றார்.

1913இல் சைவப் பெண்பிள்ளைகளுக்கென இராமநாதன் கல்லூரி தொடங்கப்பெற்றது. ஆங்கிலக் கவிஞர் யேட்ஸின் நண்பரான நடிகை பிளோரன்ஸ் பார் அதன் தொடக்ககால அதிபராய் இருந்தார் என்றால் இன்று பலர் வியப்பர். 1921இல் இராமநாதன் 'சேர்' பட்டம் பெற, லீலாவதி சீமாட்டியானார். அவ்வாண்டே திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியும் எழுந்தது. 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது அம்மண்ணிலேதான்.

இங்கே ஒரு முரண் உண்டு. பெண்களுக்குக் கல்லூரி கண்ட இராமநாதன், டொனமூர் ஆணைக்குழுக் காலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்தார். 1930 நவம்பர் 26இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. 1931 தேர்தலை யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளும் பகிஷ்கரித்தமையால், அங்குள்ள பெண்கள் 1934 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு காங்கேசன்துறைத் தொகுதியின் உறுப்பினரான சு. நடேசன், லீலாவதியின் மகள் சிவகாமசுந்தரியின் கணவர்.

கணவரின் அரசியலோடு அவர் உடன்பட்டாரா, முரண்பட்டாரா என்பதை நான் ஊகிக்க விரும்பவில்லை. கணவர் மறைந்த பின்னும் தாய்நாட்டுக்குத் திரும்பிச் செல்லாமல், 1953இல் தாம் மறையும்வரை அவர் கல்லூரிப் பணியோடு இணைந்திருந்தார் என்பது மட்டும் உறுதி. அங்கு படித்த பெண்களுள் பலர் ஆசிரியைகளாயினர். எங்கள் ஆசிரியையைப்போல் வன்னிக்கு வந்து, கிடுகு வேய்ந்த வகுப்பறைகளில் எழுத்தறிவித்தவர்களும் அவர்களுள் உண்டு.

எம் வரலாற்று நூல்கள் இராமநாதனுக்கு அத்தியாயங்கள் தருகின்றன. லீலாவதிக்குக் கிடைப்பதோ 'இரண்டாந்தாரம்' என்னும் ஒற்றைச் சொல். கணவரின் சிந்தனையை உலகுக்கு எடுத்துச் சென்ற எழுதுகோலும், அவருக்குப் பின் கல்லூரியைத் தாங்கிய தோளும் அவருடையவை. அந்த ஒரு சொல் அவருக்குப் போதாது.