பிளாஸ்டிக் வெட்டும் சிறு பொறி

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தையைப் பார்த்திருப்பீர்கள். சந்தை கலைந்தபின் தரையில் கிடக்கும் பிளாஸ்டிக் உறைகளைக் கவனித்ததுண்டா?

மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன், 2002-இல் இத்தகைய கழிவைக்கொண்டு கல்லூரி வளாகத்திலேயே சாலை அமைத்துக் காட்டினார். சுமார் 170° செல்சியசுக்குச் சூடாக்கிய ஜல்லியின்மீது பிளாஸ்டிக் துணுக்குகளைத் தூவினால், அவை உருகிக் கல்லின்மேல் மெல்லிய படலமாகப் படியும். பிறகு தாரைக் கலக்கவேண்டும். மழைநீர் கல்லுக்கும் தாருக்கும் இடையே எளிதில் புகாது. ஆனால் பி.வி.சி. கூடவே கூடாது, சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயுவை வெளியிடும்.

தார் கலக்கும் எந்திரத்தை மாற்றவேண்டியதில்லை. புதிதாகத் தேவைப்படுவது துணுக்காக்கும் வெட்டுப்பொறிதான். சுழலும் கத்திகள், அசையாத கத்தி, அடியில் சல்லடை, ஒரு மோட்டார், அவ்வளவே. கோவைப் பட்டறைகளுக்கு இது பெரிய வேலையா, என்ன? இத்தகைய பொறியின் வரைபடங்களை நெதர்லாந்து இளைஞர் டேவ் ஹாக்கன்ஸ் 2013 முதல் எவரும் செய்துகொள்ளும்படி இலவசமாகவே வெளியிட்டிருக்கிறார்.