எச்சப் பொருளும் பொதுவிடமும்: யோவார் நாங்கோவின் நூலகக் குடிலை முன்வைத்து

பழங்குடியினர் கழிவுப் பொருளால் எதையேனும் கட்டினால், விமர்சகர்கள் அதை வறுமையின் சாமர்த்தியம் என்பார்கள். இல்லையேல் சுற்றுச்சூழல் பாடம் என்பார்கள். இரண்டும் போதா. எச்சத்தைக் கையாள்வது ஒரு கட்டுமான மரபு. அவ்வாறு கட்டிய இடம் பொதுவிடம்தானா என்பதை, அதைப் பிரிக்கவும் பழுதுபார்க்கவும் யாருக்கு உரிமை உண்டு என்பதைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும்.

வடக்கு ஸ்காண்டிநேவியாவின் சாமி மக்களிடம் இம்மரபுக்குக் கொடிய பின்னணியும் உண்டு. 1944இன் இறுதியில், பின்வாங்கிய ஜெர்மன் படை நார்வேயின் ஃபின்மார்க்கை எரித்துக்கொண்டே போனது. அங்கிருந்தும் வடக்கு துரோம்ஸிலிருந்தும் ஏறத்தாழ 50,000 பேர் வெளியேற்றப்பட்டனர். போக மறுத்தவர்கள் குகைகளிலும் கவிழ்த்த படகுகளின் அடியிலும் மண்குடில்களிலும் ஒளிந்து குளிர்காலத்தைக் கடந்தனர். போருக்குப் பின் அரசு ஒரே அச்சில் வார்த்த வீடுகளைக் கட்டித் தந்தது. கூரை கிடைத்தது, சாமி கட்டட முறைக்கு அத்திட்டத்தில் இடமில்லை.

அல்தாவில் 1979இல் பிறந்த சாமி கட்டடக் கலைஞர் யோவார் நாங்கோ, இந்த இடைவெளியிலிருந்தே தொடங்குகிறார். கடலோரச் சாமிகள் ஹாலிபட் மீனின் இரைப்பையை உலர்த்திச் சன்னல் சவ்வாகப் பொருத்தியவர்கள். சந்தை வீசியெறியும் அந்த உறுப்பைக் கொண்டே நாங்கோ மீண்டும் சன்னல் செய்தார். 2017இல் டாக்குமெண்டா கண்காட்சிக்காக வடக்கு நார்வேயிலிருந்து ஏதென்ஸ் வரை வண்டியோட்டிச் சென்று, வழியில் கிடைத்தவற்றையும் சேர்த்து ஒரு மேடை அமைத்தார். 2018இல் தொடங்கிய ‘கிர்யெகும்பி’ இவ்வரிசையில் முக்கியமானது. கலைமான் மேய்ப்பர்கள் பனியில் இழுத்துச் செல்லும் சறுக்குக் குடிலின் வடிவில், சாமி கட்டடக் கலை நூல்களைச் சுமந்து ஊர் ஊராகச் செல்லும் நூலகம் அது. கைவினைஞர்கள், திரைக்கலைஞர்கள் எனப் பலர் கைவைத்து, போகுமிடமெல்லாம் உருமாறி வந்திருக்கிறது.

பொதுவிடத்தைக் கையில் கிடைத்ததைக் கொண்டே உருவாக்கியதில் சாமி இளைஞர்களின் பங்கையும் இங்கே மறக்கலாகாது. அல்தா ஆற்றில் கட்டத் திட்டமிட்டிருந்த அணையை எதிர்த்து, 1979 அக்டோபரில் அவர்கள் ஆஸ்லோ நாடாளுமன்றத்தின் முன் கூடாரமடித்து உண்ணாவிரதம் இருந்தனர். சில கம்புகளும் துணியும்தான். ஆயினும் அக்கூடாரம் அரசு அளித்த எந்தச் சமுதாயக் கூடத்தையும்விட உண்மையான பொதுவிடம். ஏனெனில் அதற்கு அவர்கள் யாரிடமும் திறவுகோல் கேட்கவில்லை.

2023இல் கிர்யெகும்பி வெனிஸ் கட்டடக் கலை பியனாலேயில், ஸ்வெர்ரே ஃபெஹன் வடிவமைத்து 1962இல் திறக்கப்பட்ட நார்டிக் அரங்கினுள் நின்றது. வந்தவர்கள் அமர்ந்து படிக்கலாம். ஆனால் அந்த அரங்கு சுவீடன், நார்வே, பின்லாந்து அரசுகளுடையது. குடில் அங்கே விருந்தாளிதான். என் அளவுகோலின்படி வெனிஸில் அது பொதுவிடம் ஆகவில்லை, பொதுவிடத்தின் காட்சியாகவே நின்றது. இன்னொரு ஆபத்தும் உண்டு. எச்சத்தைக் கொண்டே சமாளிப்பார்கள் என்ற பாராட்டு, நிதி மறுப்பவர்களுக்கு நல்ல சாக்கு. நாங்கோவைக் கொண்டாடும் அருங்காட்சியகங்கள், அவருடைய கண்காட்சிக்குச் செலவிடும் அளவுக்கு வடக்கிலுள்ள சாமி இளைஞர்களின் பட்டறைக்கும் மரத்துக்கும் வண்டி எரிபொருளுக்கும் செலவிடுகின்றனவா என்றே கேட்க வேண்டும்.