திருடர் வாயில் எஞ்சிய வினை

ஆக்சுபோர்டு ஆங்கிலப் பேரகராதி 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அதில் வழக்கிழந்த சொற்களின் முன்னே சிறு குறுவாள் வடிவக் குறியொன்று இடப்பட்டிருக்கும். ஆனால் ஒரு சொல் எப்போது இறந்தது என்று துணிவது எளிதன்று. 'நிம்' என்னும் வினையின் வரலாறு இதற்குச் சான்று.

பழைய ஆங்கிலத்தில் 'எடு', 'கைக்கொள்' என்னும் பொருளில் வழங்கிய அடிப்படை வினை 'நிமன்'. கி.பி. 899இல் மறைந்த ஆல்பிரட் மன்னர் காலத்து உரைநடையில் அது அன்றாடச் சொல். அதன் உடன்பிறப்பாகிய 'நேமென்' ஜெர்மன் மொழியில் இன்றும் வாழ்கிறது. ஆங்கிலத்திலோ, 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய டேனியர் கொணர்ந்த 'தாகா' என்னும் வினை 'டேக்' ஆகி, 15ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பழையதை ஒதுக்கிவிட்டது. பொருள்களின் பெயரைக் கடன்கொள்ளுதல் எம்மொழிக்கும் இயல்பு. 'எடு' போன்றதொரு வினையையே கடன்கொள்வது அரிது. வென்றவரும் தோற்றவரும் ஒரே முற்றத்தில் புழங்கினாலன்றி அது நிகழாது என்பது என் கருத்து.

ஒதுக்கப்பட்ட வினை 17ஆம் நூற்றாண்டில் 'திருடு' என்னும் பொருளில் கள்வர் குழூஉக்குறியாய் இழிந்தது. "பையிலிருந்ததை எவனோ எடுத்துவிட்டான்" என்று பேருந்தில் புலம்பும் நமக்கு இப்பொருள்மாற்றம் புதிதன்று. சேக்சுபியரின் ஐந்தாம் என்றி நாடகத்தில் (ஏறத்தாழ 1599) திருட்டுக்கை உடைய படைவீரனுக்கு 'நிம்' என்றே பெயர். பெயரைக் கேட்டதுமே அவையோர் நகைத்திருப்பர். அவன் தூக்கிலிடப்பட்ட செய்தியும் அந்நாடகத்திலேயே வருகிறது.

வினை மறைந்தாலும் அதன் மக்கள் இருவர் எஞ்சினர். 'நிம்பிள்' என்பதன் மூலப்பொருள் விரைந்து பற்றவல்லது என்பது. அதுவே சுறுசுறுப்பைக் குறிக்கலாயிற்று. மற்றொன்று, மரத்துப்போன உறுப்பைக் குறிக்கும் 'நம்' என்னும் சொல். அதன் இறுதியில் எழுதப்படும் 'பி' பிற்காலத்தார் ஒட்டிய மிகை, அது ஒலிப்பதில்லை. அடிப்படையில் அச்சொல் 'எடுக்கப்பட்ட' என்னும் பொருளுடைய எச்சமே. உணர்ச்சி எடுக்கப்பட்ட உறுப்பு அசையாது; எடுக்கவல்ல கையோ ஓயாது. ஒரே வேர் இவ்விரு முரண்பொருளையும் ஈன்றிருக்கிறது.

பல்லைப் பிடுங்குமுன் ஊசி போட்டுவிட்டு, மரத்துவிட்டதா என்று ஆங்கிலத்தில் வினவும் மருத்துவர் ஆல்பிரட் காலத்து வினையைத்தான் ஒலிக்கிறார்.