தூரத்தில் கேட்ட குரல்

எங்கட மூத்தம்மாவுக்கு நாகூர் ஹனிபாவின் பாட்டை இயர்போனில் போட்டுக் குடுத்தேன். அரை நிமிசம்தான் கேட்டா. "இது என்ன மனே, காதுக்குள்ள வந்து நிண்டு கத்துறாரு" என்று கழற்றித் தந்தா. பிறகு போனை ஜன்னலடியில் வைக்கச் சொல்லிப்போட்டு, அடுப்படியில் இருந்து கேட்டா. அப்பதான் சரியாம்.

யோசித்துப் பார்த்தால் மூத்தம்மாவில் பிழையில்லை. அந்தக் குரலை அவ கிட்ட இருந்து கேட்டதே இல்லை. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் கொடியேற்றம் வந்தால், உயரத்தில் கட்டிய ஹோர்ன் ஸ்பீக்கரில் இருந்து ரெண்டு மூணு தெரு தாண்டி, கடல்காத்தில் ஏறி இறங்கி வந்த குரல் அது. ஏறுவது நாகூர் ஷாகுல் ஹமீது நாயகத்தின் பேரிலான கொடி, பாடுபவர் பேரிலும் நாகூர். (கொடியேற்றம் வேணுமா வேணாமா என்ற சண்டைக்குள் நான் இங்கே போகவில்லை.)

ஹனிபா பிறந்தது 1925 டிசம்பரில். அதே மாதம்தான் கொழும்பு வானொலி தொடங்கியது. அதே வருசம்தான் மைக் வைத்துப் பதிவுசெய்த இசைத்தட்டுகளும் கடைக்கு வந்தன. அதற்கு முதல் பாடகர் ஒரு பெரிய புனலுக்குள் உரத்துப் பாட வேணும், மெதுவாகப் பாடினால் தட்டில் ஒன்றும் பதியாது. மைக் வந்தபின் முணுமுணுத்தாலும் போதும். பிங் கிராஸ்பி போன்றவர்கள் அப்படித்தான் எழும்பினார்கள். கேட்பவரின் தோளில் சாய்ந்து பாடுவது மாதிரியான அந்தப் பாட்டு 1932இல் பொஸ்டன் கார்டினல் ஓ'கொனலுக்குப் பொறுக்கவில்லை, பகிரங்கமாகக் கண்டித்தார். கிட்ட வந்த குரல் அன்றைக்கு ஒழுக்கக்கேடாகத் தெரிந்திருக்கிறது!

ஹனிபா மைக் காலத்தில் வந்தும் மறுபக்கம் நின்றவர். தி.மு.க. மேடைகளில் கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் கேட்கப் பாடிய குரல். அவருக்குக் கிடைத்த பட்டமும் 'இசை முரசு'. முரசைப் பக்கத்தில் வைத்து ஆரும் ரசிப்பதில்லையே.

ஹோர்ன் ஸ்பீக்கர் அடித்தொனியைத் தராது. நடுத்தொனியைத்தான் வெகுதூரம் தள்ளும். காற்றில் போகப்போக மேல்தொனியும் கரையும். மூச்சு, உதட்டுச் சத்தம் எல்லாம் வழியில் உதிர்ந்து, நீட்டி இழுத்த சொல் மட்டும் வந்து சேரும். எங்கட பக்கத்துக் காதுக்கு இது புதிதும் இல்லை. வயல் காவலில் பரணில் இருந்து ஒருவர் கவி படிக்க, எங்கேயோ இருட்டுக்குள் இருந்து மற்றவர் பதில் படித்த ஊர்கள் இவை. கவியின் கடைசியில் வரும் அந்த நீண்ட இழுவை, வெளி கடந்து போறதுக்கு என்றே வைத்தது போல இருக்கும்.

எங்கட செட்டுக்கு இது பிடிபடாது. நாங்கள் பாடகரின் மூச்சை எண்ணிக்கொண்டு தூங்குகிற ஆட்கள். பழைய கசெட் பாட்டுகளை இரைச்சல் நீக்கி யூடியூப்பில் போட்டால் "நல்ல கிளியர்" என்று கொமெண்ட் போடுகிறோம். அந்த இரைச்சலோடு கடற்கரையும் போய்விடுகிறது என்று எனக்குப் படுவதை நண்பர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

இப்ப விசேசங்களுக்குப் பெட்டி ஸ்பீக்கர். முன்னால் நிற்பவருக்கு நெஞ்சு அதிரும். ரெண்டு தெரு தள்ளி எங்கட அடுப்படிக்கு வருவது 'டும் டும்' மட்டும்தான். ஆர் பாடுறது என்று மூத்தம்மா கேட்பா. எனக்கும் விளங்காது.